உள்ளங்கையில் நின்ற கார்

அத்தியாயம் 6

"மாப்பிள்ளை, அந்தக் காரைத் தொடாதீங்க. போன வாரம் என் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டீங்க. அதிலேருந்து அது குளிர்பெட்டியா இருக்கு."

என் மாமியார் இப்படித்தான். மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவார். 'வாங்க, போங்க, சொல்லுங்க' எல்லாம் இருக்கும். எல்லாம் முடிந்து பார்த்தால் நான்தான் இருக்க மாட்டேன்.

அவர் முன்னாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர். பாதி ஆயுளை நசுங்கிய கார்களைப் பார்த்தே கழித்தவர். 'இது மரத்தில் மோதியதல்ல, சம்பந்தி வீட்டுச் சுவரில் மோதியது' என்று பெயிண்டை முகர்ந்தே சொல்லக்கூடியவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். சொல்லி வைத்தாற்போல் எனக்கும் வேலை போயிற்று. நிறுவனத்துக்கு ஓர் உதவியாளர் தேவை. என் மனைவிக்கு, பகல் முழுவதும் என்னைக் கொண்டுபோய்விட ஓர் இடம் தேவை. அம்மாவும் பெண்ணும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குத் தகவல் மட்டும் வந்தது.

இப்போது நாங்கள் நின்றுகொண்டிருந்தது மெத்தை முதலாளி ஒருவரின் வரவேற்பறையில். தொழில் பக்தி அதிகம். சோபா மெத்தை, நாற்காலி மெத்தை, சுவரில்கூட ஒரு பக்கம் மெத்தை. இந்த வீட்டில் யாரும் விழுந்து அடிபட வாய்ப்பே இல்லை. அடிபட்டவர் வெளியே இருந்தார்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருமுனையில் சைக்கிளில் போன ஒரு கூரியர்காரரை இந்த வீட்டுக் கார் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தோள்பட்டையில் காறை எலும்பு முறிவு. பாதி நம்பரை யாரோ பார்த்திருந்தார்கள். திங்கள் மதியம் போலீஸ் வந்தது. முதலாளியே காரைப் பின்னால் எடுத்துக் காட்டினார். இடது முன்பக்கம் நசுங்கியிருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரைவர்தான் எடுத்துக்கிட்டுப் போனான். கொண்டுவந்து ஷெட்டுல விட்டான். அதுக்கப்புறம் போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் வண்டியைத் தொடலை' என்று முதலாளி வாக்குமூலம் கொடுத்தார். எங்களிடமும் சற்றுமுன் ஷெட்டில், நசுங்கல் பக்கத்தில் நின்று, அதையே வரி மாறாமல் ஒப்பித்தார். எங்களை அவர் இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். என் அத்தை தன் பழைய அடையாள அட்டையைக் காட்டினார். ஓய்வு பெற்ற தேதி இருந்த இடத்தில் கட்டைவிரல் இருந்தது.

"ஒரே ஒரு வேண்டுகோள் மேடம்" என்றார் முதலாளி, ஷெட்டிலிருந்து கிளம்பும்போது. "உள்ள போனதும் இந்த ஆக்ஸிடெண்ட், போலீஸ் பேச்சு எதுவும் வேண்டாம். எங்க அத்தைக்கு ரத்தக்கொதிப்பு."

மாமியாருக்காக இவ்வளவு கவலைப்படும் ஒரு மருமகனை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். என் கண்கள் கலங்கின.

அந்த அத்தை, அதாவது அவருடைய மாமியார், பெரிய சோபாவின் நடுவில் அமர்ந்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் 'பெரியம்மா'. மெத்தை கம்பெனி அவர் பெயரில்தான். சிறிய உருவம், சோபா பெரிது. கால்கள் தரையை எட்டாமல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"அந்த பொம்மைக் காரைப் பாத்தீங்களா? எங்க மாப்பிள்ளை பிறந்தநாளுக்கு நான் சொல்லி செஞ்சது. எங்க கார் அச்சு அசல் அப்படியே!"

அலமாரியில் நின்ற அந்தக் கார் உண்மையிலேயே அபாரம். நிஜத்தில் இருபத்து நாலில் ஒரு பங்கு. அதே சாம்பல் நிறம், அதே நம்பர் பிளேட். சீட் பெல்ட்டுக்குக் கொக்கி, டயருக்குக் காற்றடிக்கும் மூடி, பின்சீட்டில் ஒரு மடக்கிய குடை. பல்லி ஒன்று கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தால் அளவு சரியாக இருக்கும். ஆனால் ஜன்னல்களில் மட்டும் உள்ளிருந்து யாரோ ஊதியது மாதிரி வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

"கண்ணாடி ஏன் பனி மூடின மாதிரி இருக்கு?" என்றார் அத்தை.

முதலாளி கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக்கொண்டே, "அது… ஏசி ரூம் இல்லையா மேடம்" என்றார்.

"காருக்குள்ளயா?"

"இருபத்து நாலில் ஒரு பங்கு ஏசி, அத்தை" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மட்டும் சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்காகவே நான் அவர் கட்சி.

முதலாளி தேய்த்த விரல்களை அத்தை பார்த்ததை நானும் பார்த்தேன். இரண்டு நுனியிலும் தோல், உரித்த முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது.

"யார் செஞ்சது இதை?"

"நம்ம பல் டாக்டர்தான்" என்றார் பெரியம்மா. "எனக்குப் பல்லும் அவர்தான், காரும் அவர்தான். வெளிப்பக்கமெல்லாம் முன்னாடியே அளந்துட்டார். உள்பக்கம் அளக்க ரெண்டு வாரம் முன்ன ஒரு திங்கட்கிழமை காலையில வந்தாரு. வண்டி ஷெட்டுல சுவத்தை முட்டிக்கிட்டு நின்னுச்சு, முன்கதவு ஒரு சாண்தான் திறக்கும், பாவம், பின்கதவு வழியா நுழைஞ்சு நுழைஞ்சு அளந்தாரு."

அத்தையின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. அது உயர்ந்தால் எனக்கு வெயிலில் அலைச்சல் நிச்சயம்.

"இதை ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டுப் போய் வரட்டுமா?"

"முடியாது மேடம்! அது… ரொம்ப மென்மையான…"

"கொடுத்தனுப்புங்க மாப்பிள்ளை. ஓட்டிக்கிட்டா போயிடப் போறாங்க?" என்றார் பெரியம்மா.

மாமியார் சொல்லிவிட்டார். முதலாளியின் கை தானாக அலமாரியைத் திறந்தது. அந்தக் கையை நான் அறிவேன். என் கையும் அந்த சாதிதான்.

கேட்டுக்கு வெளியே எங்கள் கட்சிக்காரர், அந்த டிரைவர், நின்றுகொண்டிருந்தார். உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். கூட வேலை செய்தவர்கள் அவரை 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். காம்பவுண்டு சுவருக்கு மேலே அவர் தலை தனியாகத் தெரிந்தது.

"ஏதாவது கிடைச்சுதா மேடம்? நாளைக்குக் காலையில கோர்ட்டு. தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லாம லைசென்ஸோட போயிடும்ங்கறார் வக்கீல்." குரலைத் தாழ்த்தினார். "லைசென்ஸோட போயிடும்னு அவர் சுலபமா சொல்றார். எனக்கு வேற என்ன தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை சாவியை யார்கிட்ட கொடுத்தீங்க?"

"மதியமே ஆணியில மாட்டிட்டுப் போயிட்டேன் மேடம். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அந்தக் கூரியர் அண்ணனைப் போய்ப் பாத்தேன். 'நான் இல்லண்ணே'ன்னேன். அவரு கையைக் கட்டிப் போட்டுக்கிட்டு, 'நீ இல்லன்னா வேற யாருப்பா?'ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலை."

நான் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை.

பல் டாக்டரின் கிளினிக்கில் நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். டாக்டர் கொஞ்சம் குண்டு. தன்னடக்கம் என்பது தன்னிடம் படித்தவர்களுக்கு மட்டும் தேவையான ஒன்று என்று நினைப்பவர்.

"நம்ம ஊர்ல கார் மாடல் செய்யறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா…" என்று தொடங்கியவர், என் கையிலிருந்ததைப் பார்த்தார். துளையிடும் கருவி தட்டில் விழுந்தது.

"யார் இந்தக் கொலையைப் பண்ணினது?"

"கொலை இல்லைங்க, காறை எலும்புதான்" என்றேன்.

"நான் கண்ணாடியைச் சொல்றேன்! சூப்பர் க்ளூ! என் கார்ல எவனோ சூப்பர் க்ளூ போட்டிருக்கான்!" மூச்சு வாங்கியது. "அது காயும்போது ஆவி விடும். மூடின இடத்துல விட்டா அப்படியே கண்ணாடியில வெள்ளையா படிஞ்சுடும். ஜன்னல் பக்கத்துல வெள்ளைப் பசையைத் தவிர எதுவும் தொடக்கூடாதுன்னு நேத்து ஆரம்பிச்சவனுக்குக்கூடத் தெரியும். இந்த நிறத்துக்கு எத்தனை நாள் கலந்தேன் தெரியுமா? நிஜக் காரோட பெயிண்டை அப்படியே அடிச்சா சின்ன வண்டியில கறுத்துத் தெரியும். சொட்டுச் சொட்டா வெள்ளை சேத்து, அடிச்சு, தேய்ச்சு, மறுபடி அடிச்சு… அந்த பெல்ட் கொக்கி மாத்திரை அட்டையோட தகடு! தரை விரிப்பு வெல்வெட்டைச் சுரண்டி எடுத்த தூள்!"

"ஆ… ஆ…" என்றார் நாற்காலிக்காரர்.

"அவரைக் கவனிங்க டாக்டர்" என்றார் அத்தை.

"மருந்து வேலை செய்யட்டும்."

"அப்ப இதைத் திறங்க."

"என் காரையா? முடியாது."

"எவனோ ஏற்கெனவே திறந்துட்டான் டாக்டர். திறந்து, எதையோ மாத்தி, சூப்பர் க்ளூ போட்டு மூடியிருக்கான். உங்க பேர்ல, அந்தக் கண்ணாடியோட, ஊர்ல எல்லாரும் பாக்கற அலமாரியில நிக்குது. என்ன மாத்தினான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

மனிதனைப் பேசிக் கரைப்பதில் என் மாமியாருக்கு ஈடில்லை. என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

டாக்டர் விளக்கை இழுத்தார். பல் இடுக்கு சுரண்டும் கொக்கியைக் கூரையின் விளிம்பில் விட்டு, ஈறைப் பிரிப்பது போல மெல்ல நெம்பினார். 'டிக்'. கூரை கையோடு வந்தது.

மூன்று தலைகளும் குனிந்தன. டிரைவர் சீட் நன்றாகப் பின்னால் தள்ளி, சற்றே கோணலாக, வழிந்த பசையோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால், ஸ்டியரிங்கை ஒட்டினாற்போல், தரை விரிப்பில் இரண்டு வழுக்கைக் கோடுகள். வெல்வெட் தூள் பசையோடு பிய்ந்து போயிருந்தது.

"என் சீட்டை நகத்தியிருக்கான்!" என்று அலறினார் டாக்டர். "நான் ஒட்டினது முன்னால, இங்க! அன்னைக்கு அளந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல என் கையே போகலை, வயித்தை எக்கிக்கிட்டு அளந்தேன்!"

"ஏன் அவ்வளவு முன்னால இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

"அளந்ததைச் செய்வேன் மேடம். ஏன்னு கேக்கறது என் வேலை இல்ல. டெலிவரி கொடுக்கறப்ப முதலாளிகிட்டகூட பெருமையா சொன்னேன், 'சார், திங்கட்கிழமை காலையில உங்க வண்டிக்குள்ள எப்படி இருந்துச்சோ, நூல் பிசகாம அப்படியே இருக்கு'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. சந்தோஷத்துல முகமே வெளுத்துப் போச்சு."

"ஆஆ! ஆஆ!" நாற்காலிக்காரர் எங்கள் டிரைவர் உயரத்தைக் கையால் காட்டி, முழங்காலைத் தூக்கி மார்பில் இடித்துக் காட்டினார். கேட்டில் நின்றவரை வழியில் பார்த்தாரோ, பேப்பரில் படித்தாரோ.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, மயக்க மருந்து போட்டவருக்கே புரிஞ்சுடுச்சு. நீங்க எப்ப வர்றீங்க?"

எனக்கும் புரிந்துதான் இருந்தது. அந்த சீட்டில் ஏணி உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் காதுக்குக் காவல் நிற்கும். அதற்கப்புறம் வண்டியை யாரும் தொடவில்லை என்று முதலாளியே சத்தியம் செய்திருக்கிறார். அப்படியானால் கடைசியாக ஓட்டியவர் ஒரு குள்ளமான ஆள். "ஆனா அத்தை, முதலாளியும் என்னைவிட உயரமாச்சே. அப்ப யாரு?"

அத்தை, டாக்டர் பிடுங்கிய சீட்டைப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு மட்டும் இடிக்குது. மெனக்கெட்டுப் பிரிச்சு, நகத்தி, விரல் தோல் போக ஒட்டினானே, அந்த பொம்மையைக் கீழ போட்டு மிதிச்சிருந்தா வேலை முடிஞ்சுதே? கை தவறிடுச்சுன்னு சொல்லிட்டுப் போறான்."

"முடியாது அத்தை."

"ஏன்?"

"மாமியார் கொடுத்தது."

"அதனால?"

வாய் தவறி வந்துவிட்டது. "எங்க கல்யாணத்துக்கு ஒரு பச்சைக் கடிகாரம் கொடுத்தீங்களே, மயில் தோகை விரிச்ச மாதிரி. அது இன்னும் ஏன் எங்க ஹால்ல தொங்குதுன்னு நினைக்கறீங்க?"

ஒரு சிக்னல் சிவந்து, பச்சையாகி, நாங்கள் கடந்தும் போனோம்.

"அது நல்லா இல்லையா?"

"பிரமாதமா இருக்கு அத்தை."

"ம்."

மறுபடி அந்த மெத்தை வீடு. பெரியம்மா அதே இடத்தில், அதே கால் ஆட்டத்தில். அத்தை கூரையில்லாத காரை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அந்தத் துளியூண்டு சீட்.

"உடைச்சுட்டீங்களா!" என்று எழுந்தார் முதலாளி.

"அதை ஏற்கெனவே ஒருத்தர் பண்ணிட்டார். நாங்க திறந்ததோட சரி. நான் இன்ஷூரன்ஸ்ல இப்ப இல்லைங்க, உங்க டிரைவர் பக்கத்து ஆளு." அத்தை மெத்தென்றே பேசினார், அந்த வீட்டில் வேறு மாதிரிப் பேசவும் வராது. "திங்கட்கிழமை காலையில வண்டியில டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்திருக்கு. மதியம் போலீஸுக்கு வண்டியைப் பின்னால எடுத்துக் காட்டினது நீங்க. அப்ப சீட்டைத் தள்ளிக்கிட்டீங்க, யாருக்கும் தெரியலை. ஆனா நடுவுல ஒருத்தர் அளந்துட்டுப் போயிட்டார். பொம்மை வந்ததும் அதுக்குள்ள பாத்திருக்கீங்க. உயிரே போயிருக்கும்."

"நான் ஓட்டலை மேடம்! என் உயரத்தைப் பாருங்க!"

"நீங்க ஓட்டலைதான். ஒட்டினீங்க. விரலைக் காட்டுங்க."

முதலாளி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது!"

"நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது. இந்த ஹால்ல நிக்கும். அது போதும்."

அப்போதுதான் கவனித்தேன். சோபாவில் ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டிருந்தன.

"அந்த சீட் என்னுது" என்றார் பெரியம்மா.

"அத்தை!" என்றார் முதலாளி. அதே நொடியில் நானும் "அத்தை!" என்றேன், என் அத்தையைப் பார்த்து. இரண்டு மருமகன்கள், ஒரே சுருதி.

"இதுல மறைக்க என்ன இருக்கு? நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். லைசென்ஸ் இருக்கு, எத்தனையோ வருஷமா. இருட்டுற நேரம், முனையில திரும்பறப்ப குப்பைத்தொட்டியில இடிச்சுட்டேன். வந்த உடனே மாப்பிள்ளைகிட்ட சொன்னேனே. 'நான் பாத்துக்கறேன் அத்தை'ன்னார்." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "டிரைவர் பக்கத்து ஆளுன்னா? அவன் லீவுல இல்ல போயிருக்கான்?"

சொல்ல வேண்டிய வேலை என் அத்தைக்கு வந்தது. சொன்னார்: குப்பைத்தொட்டி இல்லை, சைக்கிளில் போன ஒரு கூரியர்காரர். பிழைத்துவிட்டார், எலும்பு கூடிவிடும். நாளைக் காலையில் டிரைவர் கோர்ட்டில் தலையைக் குனியப் போகிறார். தூரத்திலிருந்தே தெரியும் தலை அது.

நான் ஒரு சீறலை எதிர்பார்த்தேன். பணக்கார வீட்டு மறுப்பை எதிர்பார்த்தேன். அதற்கு இரண்டு கிண்டல்கூட யோசித்து வைத்திருந்தேன். பெரியம்மா மேஜையிலிருந்த அந்த சீட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "மனுஷக் குரல் மாதிரி. ரேடியோன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து இறங்கறப்பதான் பாத்தேன், ரேடியோவே போடலை. அப்பவும் ரேடியோன்னே வெச்சுக்கிட்டேன்."

"உங்களுக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னுதான் அத்தை…"

"எனக்கா, கம்பெனிக்கா மாப்பிள்ளை?"

முதலாளி விரலைத் தேய்த்தார். பாவம், இரண்டுக்கும்தான். அதைப் பிரித்துச் சொல்ல அவருக்கே தெரியவில்லை. மாமியாரிடம் பயமும் பாசமும் ஒரே பசையில் ஒட்டியிருக்கும். பிரித்தால் இரண்டிலும் தோல் வந்துவிடும். எனக்குத் தெரியாதா?

பெரியம்மா சோபாவிலிருந்து வழுக்கி இறங்கினார். "அவன் எங்க இருக்கான்?"

"கேட்டுல" என்றேன். "சுவத்துக்கு மேல தெரிவார்."

செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஏணி, பெரியம்மாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து நின்றார். அதனால் இன்னும் உயரமானார். அவர் முகத்தைப் பார்க்கப் பெரியம்மா கழுத்தை முழுக்க மடக்க வேண்டியிருந்தது.

"தம்பி, அன்னைக்கு நான்தான் ஓட்டினேன். உன்மேல போட்டிருக்காங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா. இப்ப ஸ்டேஷனுக்குப் போகணும். சொல்ல வேண்டியதைச் சொல்லணும். அப்புறம் ஆஸ்பத்திரி. இனிமே நான் ஓட்ட மாட்டேன். நீ ஓட்டறியா? உனக்கு இஷ்டம் இல்லன்னா ஆட்டோவுல போயிக்கறேன்."

வரும் வழியில் ஆணியிலிருந்து எடுத்த சாவியை நீட்டினார். ஏணி அதை உடனே வாங்கவில்லை. என் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னிடம் எந்தப் பயனும் இல்லை என்று கண்டு மறுபடி பெரியம்மாவைப் பார்த்தார். நீட்டிய கையைப் பெரியம்மா இன்னும் உயர்த்தியதும் சட்டென்று வாங்கிக்கொண்டார்.

"கூரியர் அண்ணன்கிட்ட நீங்களே சொல்வீங்களா பெரியம்மா? அவரு கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலை."

"நானே சொல்றேன்."

பெரியம்மா பின்சீட்டில் ஏறினார். அங்கேயும் கால் எட்டவில்லை. ஏணி முன்னால் மடங்கி உட்கார்ந்தார். முதலாளி ஓட்டிப் பழகிய இடம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அவர் திரும்பிக் கேட்டார்:

"சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கட்டுமா? உங்க காலுக்கு இடம் பத்துமா?"

"எனக்கு எங்கடா கால்? உனக்கு எவ்வளவு வேணுமோ தள்ளிக்கோ."

'கடக்' என்று ஒரு சத்தம். கார் மெதுவாக, முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். இரண்டு தெரு தாண்டியதும் அத்தை என் தோளைத் தட்டினார்.

"அந்தக் கடிகாரத்தைக் கழட்டிடுங்க மாப்பிள்ளை."

"ஐயோ, எதுக்கு அத்தை? நேரம் கரெக்டா காட்டுது."

"அது நின்னுபோய் ரொம்ப நாளாச்சுன்னு எனக்குத் தெரியும். ஹாலுக்கு வர்றப்பல்லாம் பாக்கறேனே."

ஸ்கூட்டர் ஒரு குலுங்கு குலுங்கியது. "அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"நின்ன கடிகாரத்தை எனக்காக மாட்டி வெச்சிருக்கீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார் என் மாமியார். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. கண்ணைத் துடைக்கணும்னா ஓரமா நிறுத்திட்டுத் துடைங்க."